கால்ல உணர்ச்சியே இல்லை, ஆனால் எரியுது: முண்ணாண் (முள்ளந்தண்டு வடம்) அடிபட்டவருக்கு வாற நோவுக்கு எது மருந்து?

பருத்தித்துறை_நிலா கேட்டது:

வணக்கம். அண்ணாவுக்காகக் கேக்கிறன். வயது 34, சீவல் தொழில். பனையால விழுந்து நாலு வருசம். ரி10 (முண்ணாணின்ர நெஞ்சுப் பகுதியில பத்தாவது மட்டம்) முழுமையான பாதிப்பு எண்டு கிளினிக் துண்டில கிடக்கு. கம்பியும் ஸ்குரூவும் வைச்சு ஒப்பரேசன் செய்தது. சலம் தானே ரியூப் போட்டு எடுப்பார், ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம்.

இப்ப மூண்டு இடத்தில நோ.

ஒண்டு, ரெண்டு முழங்காலுக்குக் கீழ எரிவு. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் சாமம் வரைக்கும் இருக்கும், இடைக்கிடை கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டும். ஊசியால குத்தினாலும் தெரியாத கால் அது.

ரெண்டு, தொப்புளுக்குக் கீழ இடுப்பைச் சுத்திப் பட்டி போட்டு இறுக்கின மாதிரி. சாரம் உரஞ்சினாலே துடிப்பார்.

மூண்டு, வலது தோள். அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கேலாது. கட்டிலுக்கும் கதிரைக்கும் மாறேக்க கூட நோகுது.

எடுக்கிற குளிசை: கபாபென்ரின் 300 இரவில ஒண்டு, பக்லோபன் 10 மூண்டு நேரம், டைக்ளோபினாக் 50 காலையும் இரவும். கடைசியாச் சொன்னது டொக்டர் எழுதினதில்லை, நோ தாங்கேலாமல் அஞ்சு மாசமாக் கடையில வாங்குறது.

உணர்ச்சி இல்லாத கால் எப்பிடி நோகும்? சொந்தக்காரர் சிலர் நடிப்பு எண்டுகூடச் சொல்லீட்டினம். கபாபென்ரினைக் கூட்டலாமா, இல்லாட்டிப் பக்கத்து வீட்டு ஐயா எடுக்கிற பிரிகபலினுக்கு மாறலாமா? அம்மா ஒவ்வொரு பின்னேரமும் நொச்சி இலை அவிச்சுக் காலுக்கு ஒத்தடம் குடுக்கிறா, அது சரியோ?

---

ஒழுங்கை_பிசியோ:

தங்கச்சி, மூண்டும் மூண்டு வேற நோ. ஒரு குளிசையால மூண்டையும் அமத்தப் பாத்தால் ஒண்டும் அமராது. 2012 இல வந்த சர்வதேச வகைப்பாட்டின்படி பிரிச்சுப் பாப்பம்.

முழங்காலுக்குக் கீழ எரிவு, அடிபட்ட மட்டத்துக்குக் கீழ வாற நரம்பு நோ. இடுப்புப் பட்டி, அடிபட்ட மட்டத்திலயே வாற நரம்பு நோ. மட்டம் எண்டால் ரி10 மட்டுமில்லை, அதுக்குக் கீழ மூண்டு தோல் வலயமும் (ஒவ்வொரு மட்டத்து நரம்புக்கும் உரிய தோல் பகுதி) சேர்த்தி. ரி10 தொப்புள். அதில இருந்து கவட்டு வரைக்கும் வாறதெல்லாம் இந்தக் கணக்கில போகும். தோள் நோ சாதாரண தசைநார் நோ. கால் செய்யவேண்டிய வேலையைத் தோள் செய்யிறதால வாறது, நரம்புக் குளிசைக்கு அது அசையாது.

உணர்ச்சி இல்லாத கால் நோகிறது நடிப்பில்லை. நோவையும் சூடு குளிரையும் மூளைக்குக் கொண்டு போற பாதை முண்ணாணில அறுந்தால், அந்தச் செய்தியை எதிர்பாத்துக் கொண்டிருந்த நரம்புக் கலங்கள் சும்மா இருக்கிறேல்லை. காயத்தின்ர மேல் விளிம்பிலயும் மூளைக்குள்ள உணர்ச்சிச் செய்திகள் வந்து சேருற தலமஸிலயும் அதுகள் தாங்களாகவே தூண்டப்படத் தொடங்கும். வழமையா நோவை அமத்தி வைக்கிற தடுப்பும் அந்த இடத்தில குறைஞ்சு போகும். மூளைக்குத் தெரிஞ்சதெல்லாம் ‘காலில இருந்து நோ வருது’ எண்டதுதான். மிதிவெடியில கால் போனவைக்கு இல்லாத பாதம் நோகிறதை எங்கட சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இதுவும் அந்தக் குடும்பத்து நோதான். விழுந்து மாசக்கணக்கு, சிலருக்கு வருசக்கணக்குப் போனபிறகுதான் தொடங்கும். அதாலதான் வீட்டுச் சனத்துக்குச் சந்தேகம் வாறது.

பின்னேரத்துக்குப் பிறகு கூடுறதும் வழமை. பகலில வேலையிலயும் கதையிலயும் மனம் போகும், அந்தியில ஆள் தனிய நோவோட இருப்பார். களைப்பும் சேரும்.

இனித் தோள். முதல்ல மூண்டு விசயம் பாருங்கோ.

கதிரையில நிமிர்ந்திருந்து சில்லின்ர உச்சியில கை வைக்கச் சொல்லுங்கோ. முழங்கை 100 தொடக்கம் 120 பாகைக்குள்ள மடங்கியிருக்க வேணும். கை கிட்டத்தட்ட நேராக நீண்டால் இருக்கை உயரம் கூட, முழங்கை நல்லா மடங்கித் தோள் மேல எழும்பினால் இருக்கை பதிவு. மெத்தையை மாத்தியே இதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம். பின்சில்லின்ர அச்சு முன்னுக்குத் தள்ளக்கூடிய கதிரை எண்டால், ஆள் பின்னால கவிழாத அளவுக்கு முன்னுக்குத் தள்ளுங்கோ, உருட்டுற பாரம் குறையும். தானமாக் கிடைக்கிற ஆஸ்பத்திரிக் கதிரைகளில அச்சு அசையாது. அதில செய்யக்கூடியது காத்து மட்டும்தான். ரயர் பெருவிரலால அமத்த உள்ள போகுதெண்டால் சைக்கிள் பம்மால அடியுங்கோ. கிறவல் ஒழுங்கையில காத்துக் குறைஞ்ச சில்லை உருட்டுறது தோளுக்குத் தண்டனை.

உருட்டுற விதம்: சின்னச் சின்னதாப் பல தரம் தட்டாமல், நீட்டி ஒரு தள்ளு. பிறகு கையைச் சில்லுக்குக் கீழால அரைவட்டமாக் கொண்டுவந்து அடுத்த தள்ளு.

அடுத்தது, இருந்துகொண்டு ரெண்டு கையையும் ஊண்டி உடம்பைத் தூக்குறாரோ எண்டு கேளுங்கோ. படுக்கைப்புண் வராமல் இருக்க எண்டு முந்தி அப்பிடித்தான் எல்லா இடமும் பழக்கினது. அதை விடச் சொல்லுங்கோ. இருக்கையில அமந்த இடத்துக்கு இரத்தம் வடிவாத் திரும்ப ஏறத்தாழ ரெண்டு நிமிசம் வேணும். ரெண்டு நிமிசம் ஒருத்தராலயும் தூக்கிக்கொண்டு நிக்கேலாது. பத்து வினாடி தூக்கினால் புண்ணும் தடுபடாது, தோளும் போகும். அதுக்குப் பதிலா நெஞ்சு தொடையில படக் குனிஞ்சு ரெண்டு நிமிசம் இருக்கலாம், அல்லது ஒரு பக்கம் நல்லாச் சரிஞ்சு ரெண்டு நிமிசம், பிறகு மற்றப் பக்கம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா.

பயிற்சிக்குப் பழைய சைக்கிள் ரியூப் காணும். ஒண்டரை மீற்றர் வெட்டி, யன்னல் கம்பியில முழங்கை உயரத்தில கட்டுங்கோ. சுருட்டின துவாயை முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில வைச்சு, முழங்கையை 90 பாகையில மடக்கி, கையை வெளிப்பக்கமா இழுக்கிறது ஒண்டு. ரெண்டு கையாலயும் ரியூபைப் பிடிச்சுப் பின்னுக்கு இழுத்துத் தோள்பட்டைச் சட்டத்தை ஒண்டோட ஒண்டு நெருக்கிறது ரெண்டு. ரெண்டிலயும் 8 தரம், மூண்டு சுத்து, கிழமைக்கு மூண்டு நாள். 15 தரம் லேசாப் போகத் தொடங்கினால் ரியூபை மடிச்சு இரட்டையாக்குங்கோ. துவாய் விழுந்தால் முழங்கை விலகீட்டுது எண்டு அர்த்தம், பிழையான தசை வேலை செய்யுது. கையைத் தோளுக்கு மேல தூக்கிப் பாரம் எடுக்கிற பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். முன் நெஞ்சுத் தசையை நீட்டுறதும் சேருங்கோ: மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில விரிச்சு 30 வினாடி, ரெண்டு தரம்.

ஆறு கிழமை ஒழுங்காச் செய்தும் குறையாட்டில், அல்லது கையைப் பக்கத்தால தூக்கவே ஏலாமல் போனால், தசைநார் கிழிஞ்சிருக்கோ எண்டு ஸ்கானில பாக்கவேணும்.

---

மருந்துப்பெட்டி:

கடையில வாங்குற டைக்ளோபினாக்கில இருந்து தொடங்குறன். எரிவுக்கும் இடுப்புப் பட்டிக்கும் அது வேலை செய்யாது, நரம்பு நோவில அது தொடவேண்டிய அழற்சியே இல்லை. தோளுக்கு ஒரு கிழமை பத்து நாள் சரி, அஞ்சு மாசம் சரியில்லை. வயிற்றை விட நான் பயப்படுறது சிறுநீரகத்துக்கு. ரியூப் போட்டுச் சலம் எடுக்கிற ஆள், அடிக்கடி கிருமி வரக்கூடிய ஆள், ஏற்கனவே சிறுநீரகத்துக்கு ஆபத்துள்ளவர். கபாபென்ரினும் பக்லோபனும் சிறுநீரகத்தாலதான் வெளியேறும். அது பழுதானால் ரெண்டும் உடம்பில தேங்கி, ஆள் எந்தநேரமும் தூங்கி விழுவார்.

சிறுநீரகத்தைப் பாக்கிற கிரியற்றினின் இரத்தச் சோதனை ‘நோர்மல்’ எண்டு வந்தாலும் முழுசா நம்பாதேங்கோ. கிரியற்றினின் தசையில இருந்து வாறது. கால்த் தசை வத்தின ஆளுக்கு அது இயல்பாவே குறைவா இருக்கும், சிறுநீரகம் பாதி பழுதானாலும் துண்டில நல்ல இலக்கம் தெரியும். முந்தின றிப்போட்டுகளோட ஒப்பிட்டு ஏறிக்கொண்டு போகுதோ எண்டு பாக்கவேணும்.

தோளுக்குப் பரசிற்றமோல் 1 கிராம், நோ கூடின நாளில மட்டும், ஒரு நாளைக்கு மூண்டு தரத்துக்கு மேல வேண்டாம். குடிப்பழக்கம் இருந்தாலோ ஆள் நல்லா மெலிஞ்சிருந்தாலோ அதிலயும் குறைய. டைக்ளோபினாக் ஜெல்லை உணர்ச்சி உள்ள தோளில பூசலாம், குளிசை மாதிரி இரத்தத்தில ஏறாது.

இனிக் கபாபென்ரின். 300 இரவில ஒண்டு எண்டது தொடக்க அளவு. இந்த மருந்தின்ர அரை ஆயுள், அதாவது இரத்தத்தில பாதியாக் குறைய எடுக்கிற நேரம், 5 தொடக்கம் 7 மணித்தியாலம். இரவு பத்துக்குப் போட்ட குளிசை அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு வாற எரிவுக்கு எப்பிடி நிக்கும்? அதால மூண்டு நேரமாப் பிரிச்சுக் குடுக்கிறது. வழமையா நாலு தொடக்கம் ஏழு நாளுக்கு ஒருக்கா ஒரு குளிசை கூட்டுவினம்: 300 ரெண்டு நேரம், பிறகு மூண்டு நேரம், பிறகு 600 மூண்டு நேரம், அதாவது 1800. சிறுநீரகம் நல்லா இருந்தால் 3600 வரைக்கும் போகலாம். 1800க்கு மேல போகப் போக உறிஞ்சப்படுற பங்கு குறையும், ரெட்டிப்பாக் குடுத்தாலும் ரெட்டிப்புப் பலன் வராது. நெஞ்செரிவுக்கு அலுமினியமோ மக்னீசியமோ உள்ள மருந்து குடிச்சால் ரெண்டு மணித்தியாலம் இடைவெளி விடவேணும்.

‘கபாபென்ரின் கேக்கேல்லை’ எண்டு சொல்லுற ஆக்களில கனபேர் கேக்கக்கூடிய அளவுக்கே போனதில்லை. சரியான அளவில ரெண்டு கிழமையாவது நிண்டபிறகுதான் தீர்ப்புச் சொல்லலாம். நோ முழுசாப் போகும் எண்டு எதிர்பாக்காதேங்கோ. பத்துக்கு எட்டு எண்டிருந்தது அஞ்சரைக்கு வந்தால் மருந்து வேலை செய்யுது. நாலுக்கு வந்தால் நல்ல பலன்.

பிரிகபலின் அதே இடத்தில வேலை செய்யிற மருந்து. முண்ணாண் நோவில கூடுதலான ஆய்வு நடந்தது அதிலதான், அமெரிக்காவில 2012 இல இந்த நோவுக்கெண்டே அனுமதி குடுத்தது. ரெண்டு நேரம் காணும், அளவைக் கெதியாக் கூட்டலாம். 75 ரெண்டு நேரத்தில தொடங்கி 300 ரெண்டு நேரம் வரைக்கும் போவினம், சிறுநீரகம் குறைஞ்சால் பாதி, கால்வாசி. ரெண்டையும் சேத்து எடுக்கிறதில பிரயோசனமில்லை. பக்கத்து வீட்டு ஐயாவின்ர பெட்டியில இருந்து மட்டும் எடுக்காதேங்கோ, அவற்ற அளவு அவற்ற சிறுநீரகத்துக்கு. போதைக்குப் பாவிக்கிற பிரச்சினையால இப்ப இந்த மருந்துக்குப் பாமசியில கெடுபிடி. கிளினிக் துண்டு கையில இருக்கவேணும், அதைப் பாத்து முகம் சுளிச்சாலும் வெக்கப்பட ஒண்டுமில்லை. ரெண்டு மருந்துக்கும் பக்கவிளைவு ஒரே மாதிரித்தான்: நித்திரைத் தூக்கம், தலைச்சுத்து, பாதவீக்கம், உடம்பு வைக்கிறது, மலச்சிக்கல். பாரம் கூடினால் தோளுக்கும் அதுதான் வினை.

மூண்டாவது அமிற்றிப்டிலின். இரவு எட்டு மணிக்கு 10, கிழமைக்கு 10 ஆக் கூட்டி 50 வரைக்கும். படுக்கப் போகேக்க போட்டால் விடியத் தலை எழும்பாது. நித்திரை இல்லாதவருக்கும் மனம் சோர்ந்தவருக்கும் கூட நல்லம். வாய் காயும், மலம் இறுகும், சிலருக்கு இழுப்பு (தசை தானா இறுகி உதறுறது) கூடும். தானாகச் சலம் போறவருக்கு அது அடைபடலாம், உங்கட அண்ணா ரியூப் போடுறவர் எண்டபடியா அந்தப் பயம் குறைவு. இருதய வருத்தம் இருந்தால் ஈ.சி.ஜி. பாத்துத்தான். ட்ரமடோல் எண்ட நோக்குளிசை எடுக்கிறவர் இதோட சேக்கிறதெண்டால் டொக்டருக்குச் சொல்லியே ஆகவேணும், வலிப்பு வரலாம்.

பக்லோபன் இழுப்புக்கு. எரிவுக்கில்லை. முடிஞ்சு போச்செண்டு ஒருநாளும் சடாரென்று நிப்பாட்டாதேங்கோ: காய்ச்சல், பிதற்றல், வலிப்பு வரைக்கும் போகும். கிளினிக் திகதிக்கு ஒரு கிழமை முன்னமே எத்தினை குளிசை மிச்சம் எண்டு எண்ணிப் பாருங்கோ. கபாபென்ரினும் பிரிகபலினும் அப்பிடித்தான், ஒரு கிழமைக்குக் குறையாமல் படிப்படியா இறக்கவேணும்.

---

வார்ட்_மிசி:

நொச்சி ஒத்தடத்தை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. அம்மாவின்ர அன்பில குறை சொல்லேல்லை. ஆனால் சூடு தெரியாத தோல் அது. 60 பாகை செல்சியஸ் தண்ணி தோலின்ர முழுத் தடிப்பையும் அஞ்சு வினாடியில வேகவைக்கும். 50 பாகை எண்டால் அஞ்சு நிமிசம் மாதிரி. அம்மாவின்ர கைக்கு ‘இளஞ்சூடு’ எண்டு படுறது பழகின கைக்கு. அண்ணா கத்தமாட்டார், காலை இழுக்கமாட்டார். கொப்புளம் அடுத்த நாள்தான் தெரியும். கெட்ட இரத்தோட்டத்தில அது ஆற மாசக்கணக்கு.

எண்ணெய் பூசித் தடவுறதில பிழையில்லை. சூடாக்காமல் பூசுங்கோ, எலும்பு துருத்தின இடத்தில தேய்க்காதேங்கோ. தோளுக்கு ஒத்தடம் தாராளமாக் குடுக்கலாம், அங்க உணர்ச்சி இருக்கு.

ஒத்தடம் மட்டுமில்லை. வெயிலில நிண்ட கதிரையின்ர கால்மிதி, மத்தியானச் சீமெந்து முற்றம், ஓட்டோவில காலுக்குக் கிட்ட வாற எஞ்சின் சூடு, மடியில வைச்ச சோத்துக் கோப்பை. எல்லாம் இப்பிடித்தான் சுட்டுப்போட்டுப் போறது.

அடுத்த விசயம் இதைவிட முக்கியம். நோ திடீரெண்டு கூடினால் குளிசையைக் கூட்ட முதல் காரணத்தைத் தேடுங்கோ. மட்டத்துக்குக் கீழ என்ன பழுது வந்தாலும் அவருக்கு அது ‘எரிவு கூடிப்போச்சு’, ‘இழுப்புக் கூடிப்போச்சு’ எண்டுதான் தெரியும். முதல்ல சலம். கலங்கி, மணந்து, ஒருக்கா ரியூப் போட்டதுக்கும் அடுத்த தரத்துக்கும் இடையில கசிஞ்சு, காய்ச்சலும் இருந்தால் கிருமி. அன்ரிபயோற்றிக் தொடங்க முதல் சலத்தைக் கல்ச்சருக்கு (என்ன கிருமி எண்டு வளர்த்துப் பாக்கிற சோதனை) குடுக்கவேணும். ரியூப் போடுறவரின்ர சலத்தில எப்பவும் கொஞ்சம் கிருமி இருக்கும். குணங்குறி இல்லாமல் றிப்போட்டை மட்டும் பாத்து மருந்து எடுத்தால், பிறகு உண்மையில வேணும் எண்டேக்க மருந்து கேக்காது. சலப்பையில கல்லும் இருக்கலாம்.

பிறகு மலம். எத்தினை நாள்? மூண்டு நாள் போகாட்டில் அதுவே காரணமா இருக்கும். கண்ணாடி வைச்சு ஆசனப்பக்கம், குதி, கணுக்கால், தொடை எலும்பு மேடு எல்லாம் பாருங்கோ. அமத்தினாலும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின்ர முதல் படி. கறுத்த தோலில சிவப்புத் தெரியாது, கையின்ர பின்பக்கத்தால தொட்டுச் சூடும் இறுக்கமும் பாக்கவேணும். கால் பெருவிரல் நகம் உள்ள வளர்ந்தாலே ஒரு கிழமை எரிவு கூடும்.

முழங்காலுக்குக் கீழ பத்து சென்ரிமீற்றரில அளவு நாடா வைச்சு ரெண்டு கெண்டையையும் அளவுங்கோ. ஒண்டு மற்றதை விட மூண்டு சென்ரிமீற்றருக்கு மேல வீங்கியிருந்தால் இரத்தக் கட்டி எண்டு நினைச்சு அண்டைக்கே பெரியாஸ்பத்திரி. தொடையோ முழங்காலோ வீங்கிச் சூடா இருந்தால் எலும்பு முறிவும் இருக்கலாம். நடக்காத காலின்ர எலும்பு மெலிஞ்சிருக்கும், கட்டிலால லேசாச் சறுக்கினாலே முறியும்.

முதுகு தனியா நோகுதோ எண்டும் கேளுங்கோ. இருந்தால் கூடி, படுத்தால் குறையிற நோ எண்டால் ஸ்குரூ தளந்திருக்கலாம். நிமிரேக்க உள்ளுக்குள்ள ‘டக்’ எண்டு சத்தம் வந்து இருப்பும் கோணினால், கம்பிக்குக் கீழ முள்ளந்தண்டு மூட்டு அரிபட்டுப் போறதின்ர அடையாளம். எக்ஸ்ரே தேவை.

---

கிளிநொச்சி_மருமகன்:

குறுக்க கேக்கிறதுக்கு மன்னிக்கவேணும். மாமாவுக்கு 2009 இல ஷெல் பட்டது, ரி4. இப்ப ரெண்டு மாசமா இடது கையின்ர உள்பக்கம் எரிவு, பிடி தளருது, இருமினால் கூடுது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கினம். முதுகில இன்னும் ஷெல் துண்டு கிடக்கு, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமோ? தலையிடியும் அடிக்கடி வரும், வேர்த்து ஒழுகும்.

---

வார்ட்_மிசி:

தம்பி, ரெண்டும் அவசரம்.

வருசக்கணக்கா ஒரே மட்டத்தில நிண்ட பாதிப்பு மேல ஏறுறது, இருமல் முக்கலுக்கு நோ கூடுறது, கையில பலம் போறது: முண்ணாணுக்குள்ள நீர்க்குழி வளருதோ எண்டு பாக்கவேண்டிய குணங்குறி. அடிபட்டு எத்தினையோ வருசத்துக்குப் பிறகும் வரும். கையில ஐஸ்கட்டி வைச்சுக் குளிர் தெரியுதோ எண்டு பாருங்கோ, தொடுகை தெரிஞ்சு சூடு குளிர் மட்டும் போயிருந்தால் சந்தேகம் இன்னும் கூட. தள்ளிப்போடாதேங்கோ, போன பலம் திரும்பி வாறது குறைவு. பாக்கும் வரைக்கும் மூச்சை அடக்கி முக்குறது, பாரம் தூக்குறது வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. அறைக்குப் போக முதல் ஷெல் துண்டு இருக்கெண்டதை றேடியோலொஜியில வாயால சொல்லுங்கோ, துண்டில எழுதிக் கிடக்கெண்டு இருக்காதேங்கோ. முதல் எக்ஸ்ரே எடுத்து எங்க கிடக்கெண்டு பாப்பினம். ஷெல் சிதறல் கனக்க உருக்கு, காந்தம் இழுக்கும். முண்ணாணுக்கு ஒட்டினபடி கிடந்தால் அசையவும் சூடாகவும் இடமிருக்கு. அப்பிடியெண்டால் மை அடிச்சுச் சி.ரி. எடுக்கிற வழி இருக்கு. ஒப்பரேசனில வைச்ச ரைற்றேனியம் கம்பி வேற, அது பெரும்பாலும் பிரச்சினையில்லை, படத்தைக் கொஞ்சம் மறைக்கும்.

தலையிடியும் வேர்வையும்: ரி6 இலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவருக்கு, கீழ ஏதும் உறுத்தினால் பிரஷர் சடாரென்று ஏறும். அவையின்ர சாதாரண பிரஷரே 90, 100 எண்டிருக்கும், அதால 140 எண்டாலும் அவருக்கு அது ஆபத்து. ‘வயசான ஆளுக்கு 140 பறவாயில்லை’ எண்டு ஆரும் சொன்னால் அவருக்கு வழமையா எவ்வளவு எண்டதைச் சொல்லுங்கோ. வந்தால் உடன நிமிர்த்தி இருத்திக் காலைத் தொங்கவிடுங்கோ, படுக்க வைக்காதேங்கோ. பெல்ற், சப்பாத்து, சலப் பை கட்டின பட்டி எல்லாம் தளர்த்துங்கோ. கதீற்றர் மடிஞ்சிருக்கோ, பை நிரம்பியிருக்கோ பாருங்கோ. ரியூப் போடுறவர் எண்டால் உடன போட்டு எடுங்கோ. அதுக்கும் இறங்காட்டில் மலம் இறுகியிருக்கோ எண்டு விறைக்கப் பண்ணுற லிக்னோகெய்ன் ஜெல் பூசி ரெண்டு நிமிசம் பொறுத்துத்தான் விரல் வைக்கவேணும், வெறும் விரல் வைச்சால் இன்னும் ஏறும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பிரஷர். இறங்காட்டில் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. வயகரா மாதிரிக் குளிசை கடைசி ரெண்டு மூண்டு நாளுக்குள்ள எடுத்திருந்தால் வாற ஆக்களுக்கு மறைக்காமல் சொல்லவேணும், பிரஷரை இறக்க நாக்குக்குக் கீழ வைக்கிற மருந்து அதோட சேந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும்.

---

சில்லு:

பிசியோ சொன்ன தோள் கதையில ஒண்டு விடுபட்டுப் போச்சு. கனபேருக்குத் தோள் போறது உருட்டுறதால இல்லை, மாறுறதால. கட்டில் கதிரையை விட நாலு அங்குலம் உயரமா இருந்தால் ஒவ்வொரு தரமும் மேல ஏறுறதுதான். கட்டில் காலை அறுத்தோ கல்லு வைச்சோ சமப்படுத்துங்கோ. பிறகு ஒரு வழுக்குப் பலகை: 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில 75 சென்ரிமீற்றர் நீளம், 22 அகலம். ரெண்டு முனையும் சரிவா இழைச்சு, நல்லா அரத்தாள் போட்டு, வார்னிஷ் ரெண்டு பூச்சு. தச்சுப் பட்டறையில ஒரு பின்னேர வேலை. ஓரத்தில சிலும்பு நிண்டால் தோல் கிழியும், கையால தடவிப் பாத்துத்தான் வாங்கவேணும். வெறும் மேலோட பலகையில இருக்கக்கூடாது, தோல் இழுபடும், சாரமோ காற்சட்டையோ வேணும்.

மாறேக்க உள்ளங்கையை விரிச்சு ஊண்டாமல் முட்டி பிடிச்சோ, பலகை விளிம்பைப் பிடிச்சோ ஊண்டவேணும். கை உடம்புக்குக் கிட்ட. எந்தநேரமும் வலது கை முன்னால போகாமல் பக்கத்தை மாத்தி மாத்தி. அண்ணாவுக்கு வலது தோள் மட்டும் நோகிறதெண்டால் கட்டில் ஒரே பக்கம் சுவரோட கிடக்கெண்டு நினைக்கிறன். கட்டிலைத் திருப்பிப் போடுங்கோ.

இடுப்புப் பட்டிக்கு: இறப்பர் வைச்ச காற்சட்டை வேண்டாம். சாரத்தை முடிச்சுப் போடாமல் தளர உடுத்து, மேல மெல்லிய பனியன். லேசாத் தடவுறதுதான் துடிக்க வைக்கும், உள்ளங்கையால அகலமா ஊண்டி அமத்தினால் கனபேருக்கு அமரும்.

ரென்ஸ் மெசின் (தோலில ஒட்டிச் சின்னக் கரண்ட் குடுக்கிறது) வாங்கச் சொல்லி ஆரும் சொல்லுவினம். காலில ஒட்டுறதில ஒரு பிரயோசனமும் இல்லை, காசுதான் நட்டம்.

---

ஒழுங்கை_பிசியோ:

சில்லு அண்ணை, கட்டில் கதை நூத்துக்கு நூறு சரி. ரென்ஸில மட்டும் பாதி ஒத்துக்கொள்ளுறன். உணர்ச்சி இல்லாத இடத்தில ஒட்டினால் வேலை செய்யாது, தோலும் கருகும். ஆனால் இடுப்புப் பட்டிக்கு மேல, உணர்ச்சி நல்லா உள்ள விளிம்பில, 80 தொடக்கம் 100 ஹேர்ட்ஸில அரை மணித்தியாலம் போட்டுச் சிலருக்குக் குறையுது. ஆதாரம் பலமில்லைத்தான். வாங்க முதல் பிசியோ பிரிவில ரெண்டு மூண்டு தரம் போட்டுப் பாக்கலாம், குறைஞ்சால் யோசியுங்கோ.

---

பருத்தித்துறை_நிலா:

எல்லாருக்கும் நன்றி. கட்டில் சுவரோடதான் கிடக்கு! ஒத்தடத்தை அம்மா விட்டிட்டா, கொஞ்சம் அழுதவா. கிளினிக் வாற வியாழன். என்ன கொண்டு போகவேணும்? போன தரம் ரெண்டு நிமிசத்தில ‘நோ இருக்கோ, இருக்கு’ எண்டு முடிஞ்சு போச்சு. அண்ணா இப்ப ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை, அதையும் சொல்லவேணுமோ?

---

மருந்துப்பெட்டி:

கட்டாயம் சொல்லவேணும். நோ, நித்திரை, மனம் மூண்டும் ஒண்டை ஒண்டு இழுக்கும். எந்த மருந்தைத் தெரிவு செய்யிறது எண்டதையே அது மாத்தும், நோவுக்கும் மனச்சோர்வுக்கும் குடுக்கிற அமிற்றிப்டிலினோ டுலொக்செற்றினோ பொருத்தமா எண்டு டொக்டர் யோசிப்பார். உயிரை வெறுத்துக் கதைச்சால் கிளினிக் வரைக்கும் பாத்திருக்காதேங்கோ, 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். மாங்குளத்தில ‘உயிரிழை’ இருக்கு, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஆக்களே நடத்துற அமைப்பு. அண்ணா உங்களோட கதைக்காததை அவையோட கதைக்கக்கூடும்.

ஒரு கொப்பித் தாளில ஏழு நாளைக்கு எழுதுங்கோ. மூண்டு நோவுக்கும் மூண்டு நிரல். விடிய, மத்தியானம், பின்னேரம் ஆறு, படுக்கேக்க எண்டு நாலு தரம், 0 தொடக்கம் 10 க்குள்ள இலக்கம். பக்கத்தில குளிசை போட்ட நேரம், மலம் போன நாள், இரவு எத்தினை தரம் எழும்பினது. நோவைச் சொல்லேக்க ‘நோகுது’ எண்டு விடாமல் எரிவோ, கரண்டோ, இறுக்கமோ, தொட்டாலே நோவோ, உணர்ச்சி இல்லாத இடத்திலயோ எண்டு சொல்லுங்கோ, அந்த அஞ்சு சொல்லில டொக்டர் நரம்பு நோவெண்டு பிடிச்சிடுவார். டைக்ளோபினாக் அட்டையையும் கொண்டு போங்கோ, கடையில வாங்கினதெண்டு ஒளிக்காதேங்கோ. பழைய கிரியற்றினின் துண்டுகள், கடைசிச் சலக் கல்ச்சர், ஒப்பரேசன் துண்டு, எல்லாம் ஒரு உறையில.

கேக்கவேண்டியது நாலு: சிறுநீரகத்துக்குப் பாத்துக் கபாபென்ரின் எவ்வளவு வரைக்கும் கூட்டலாம், எத்தினை நாளுக்கு ஒருக்கா, சிறுநீரக ஸ்கான் கடைசியா எப்ப எடுத்தது, திரும்ப எப்ப, தோளுக்குப் பிசியோவுக்குத் துண்டு, முதுகு எக்ஸ்ரே தேவையோ. வியாழனுக்கு முதல் அளவை நீங்களாக் கூட்டாதேங்கோ, டைக்ளோபினாக்கை மட்டும் இண்டையோட விடலாம்.

---

சில்லு:

வியாழன் போகேக்க மெத்தையையும் கதிரையோட கொண்டு போங்கோ. அங்க வாங்கில மணிக்கணக்கா இருத்தி வைச்சால் வீட்டுக்கு வரேக்க சிவந்து போகும். ரியூபும் ஜெல்லும் ரெண்டு தரத்துக்குக் காணுற மாதிரி.